பள்ளி திறக்கும் வாரத்தில் மட்டும் ஊமையாகிவிடும் செயலி: மூன்று ஆண்டு அனுபவம்

என் மகள் படிக்கும் பள்ளியிலேயே தன் மகனை முதல் வகுப்பில் சேர்த்திருக்கும் நண்பர் ஒருவர், பள்ளியின் பெற்றோர் செயலியை நம்பி இருந்துவிடலாமா என்று சென்ற வாரம் கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். வீடு வந்து சேர்வதற்குள் பாதிப் பொய் சொல்லிவிட்டதாக மனம் உறுத்தியது. மூன்று ஆண்டுகளாக அந்தச் செயலியோடு குடித்தனம் நடத்துகிறவன் என்ற முறையில், மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன். வருகைப் பதிவு, வீட்டுப்பாடம், சுற்றறிக்கை, கட்டண ரசீது என்று இத்தகைய செயலிகள் எல்லாவற்றிலும் இருப்பவை இதிலும் இருக்கின்றன என்பதால் அவற்றை விவரிக்கப் போவதில்லை.

இந்த ஆண்டு பள்ளி திறந்த மூன்றாம் நாள், அன்றிலிருந்து முதல் வாரம் முடியும்வரை நண்பகல் 12 மணியோடு வகுப்பு முடியும் என்ற அறிவிப்பு எனக்கு வந்து சேரவில்லை. வழக்கமான நேரத்துக்கு நான் போய் நின்றபோது, வாசலை ஒட்டிய நீள இருக்கையில் என் மகள் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாள். பையை மடியில் வைத்து, எழுதுகோல்களை எல்லாம் வெளியே எடுத்து, உயர வரிசையில் அடுக்கி முடித்திருந்தாள். அழவில்லை, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. "அனுப்பியிருந்தோமே சார்" என்று வகுப்பாசிரியர் தம் கைபேசியைத் திருப்பிக் காட்டினார். முந்தின நாள் இரவே செய்தி போயிருக்கிறது. 34 பெற்றோரில் 31 பேர் படித்துவிட்டார்கள் என்பதும், படிக்காத மூவரில் என் பெயர் முதலில் இருப்பதும் அந்தத் திரையில் தெளிவாகத் தெரிந்தன.

அன்றிரவு கோபத்தோடு கைபேசியின் அமைப்புகளைத் துருவியதில் காரணம் கிடைத்தது. ஆண்ட்ராய்டு 12-லிருந்து, சில மாதங்கள் பயன்படுத்தப்படாத செயலியைக் கைபேசி தானாகவே உறக்கத்தில் ஆழ்த்திவிடுகிறது. கொடுத்திருந்த அனுமதிகளைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. அதன் அறிவிப்புகளையும் வரவிடுவதில்லை. நான்தான் தினமும் பயன்படுத்தினேனே என்று வாதாட நினைப்பவர்கள் என்னைப்போல் ஏமாறுவார்கள். செயலியைத் திறப்பதும், அறிவிப்பைத் தொட்டு உள்ளே போவதும் பயன்பாடு என்று கணக்காகும். அறிவிப்பைப் பூட்டிய திரையிலேயே படித்துவிட்டு விரலால் ஒதுக்கித் தள்ளுவது கணக்கில் சேராது. கடந்த பருவம் முழுவதும் நான் செய்தது இந்த ஒதுக்கித் தள்ளுதலைத்தான், அதன் பிறகு வந்தது நீண்ட விடுமுறை. ஆக, ஆண்டிலேயே அதிகமாகத் தேவைப்படும் வாரத்தில் செயலி அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தது.

இது செயலியின் குற்றம் அல்ல, கைபேசி இயங்குதளத்தின் ஏற்பாடு என்று நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் விடுமுறைக்கு முன்பு, இந்தச் செயலியை ஒருமுறை திறந்துவிடுங்கள் என்று ஒரு வரி அனுப்பியிருக்கலாம். சென்ற ஆண்டும் இதே வாரத்தில்தான் தகராறு. திரை உடைந்து பழுதுபார்த்து வந்த கைபேசியில் செயலியை மீண்டும் நிறுவியபோது, அறிவிப்பு அனுப்பலாமா என்று அது கேட்ட கேள்விக்கு அவசரத்தில் வேண்டாம் என்று தட்டிவிட்டேன். 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13-க்குப் பிறகு, புதிதாக நிறுவும் செயலி இந்த அனுமதியைக் கேட்டுத்தான் பெற வேண்டும். மறுத்துவிட்டால் சத்தமே இருக்காது. அதற்கு முன்பு அது கேட்காமலே மணியடித்துக்கொண்டிருந்ததால், எனக்கு அந்த வேறுபாடு தெரிந்திருக்கவில்லை.

எனக்குப் பழகிப்போகாத எரிச்சல் வேறொன்றும் உண்டு. வகுப்பு மாறும்போது பழைய வகுப்பின் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். புதிய வகுப்பில் குழந்தையைச் சேர்க்கும் வேலை அலுவலகத்தில் முடிய இரண்டு மூன்று நாள்கள் ஆகின்றன. அந்த நாள்களில் என் மகள் செயலியைப் பொறுத்தவரை எந்த வகுப்பிலும் இல்லை. பிறகு திடீரென்று ஒரே மாலையில் பதினொரு செய்திகள் வந்து விழுகின்றன. சீருடை, கட்டணம், பேருந்துத் தடம், புத்தக அட்டை, அடையாள அட்டைக்கான நிழற்படம் என எல்லாவற்றுக்கும் ஒரே மணியோசை, ஒரே எழுத்தளவு. முதல் வாரத்தில் சிறு பிள்ளையின் பெற்றோருக்கு வேண்டியவை மிகச் சில: எத்தனை மணிக்கு விட வேண்டும், எத்தனை மணிக்கு அழைத்துக்கொள்ள வேண்டும், நாளைக்குப் பையில் என்ன வைக்க வேண்டும், வகுப்பாசிரியர் யார், அவசரம் என்றால் எந்த எண்ணை அழைக்க வேண்டும். இந்த ஐந்தும் அந்தப் பதினொன்றுக்குள் ஐந்து வெவ்வேறு இடங்களில் ஒளிந்திருந்தன. கால அட்டவணையோ, யாரோ மேசைமேல் சாய்வாக வைத்துப் பிடித்த படம். அதைப் பிடிஎஃப் ஆக்கியிருந்ததால் சொல் கொடுத்துத் தேடவும் முடியவில்லை, பார்வைக் குறைபாடுள்ள பெற்றோருக்குக் கைபேசி வாசித்துக் காட்டவும் வழியில்லை. ஒரு கையில் பல்துலக்கியோடு, மறு கையின் இரண்டு விரல்களால் அதைப் பெரிதாக்கி, புதன்கிழமைக் கட்டத்தைத் தேடிய காலைகள் பல. போதாக்குறைக்கு ஒரு குழந்தைக்கு ஒரு பெற்றோர் எண்ணைத்தான் பதிய முடியும். என் கைபேசி உறங்கினால் வீடே உறங்கியதற்குச் சமம்.

பெற்றோர்கள் தாங்களாகத் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவையும் சொல்லாமல் விட முடியாது. பொறுப்பாளர்கள் மட்டுமே செய்தியிடும்படி குழுவை அமைக்கும் வசதி 2018 முதலே இருக்கிறது. எங்கள் குழுவில் அதைச் சொன்னவர்மேல் எல்லோரும் வருத்தப்பட்டார்கள். அதனால் ஒரு தகவலுக்கு இருபது கைகூப்புகள் வரும், தகவல் அடியில் போய்விடும். இந்த ஆண்டு முதல் நாளன்று ஒருவர் நேரத்தைத் தவறாக எழுதிவிட்டு, திருத்தத்தைத் தனிச் செய்தியாகப் போட்டார். முதல் செய்தியை மட்டும் படித்தவர்கள் அதை நம்பியே கிளம்பினார்கள். ஆயினும், ஒரு தாய் சரியான நேரத்தை எழுதிக் குழுவின் உச்சியில் ஏழு நாள்களுக்குக் குத்திவைத்தார். செயலி செய்திருக்க வேண்டிய வேலை அது. அவர் குத்திவைத்தது நான்காம் நாள் என்பதுதான் என் தலையெழுத்து.

செயலியிடம் எனக்குப் பிடித்தவை இல்லாமல் இல்லை. விடுப்புச் செய்தி அனுப்ப அரை நிமிடம்கூட ஆவதில்லை. குழந்தையை யார் அழைத்துச் செல்வார்கள் என்று படத்தோடு முன்கூட்டியே பதியும் வசதி அருமையானது; என் தந்தை முதன்முறையாக அழைக்கப் போனபோது, வாசலில் முகத்தைப் பார்த்து, பெயரைக் கேட்டு, சரிபார்த்த பிறகே பேத்தியை அனுப்பினார்கள். ஆசிரியரின் சொந்த எண்ணை இரவு நேரத்தில் தொந்தரவு செய்ய வேண்டிய நிலையும் இல்லை. சொல்லவில்லை, சொன்னோம் என்ற வாய்ச்சண்டைக்கு இடமில்லாமல் எல்லாம் பதிவாகிறது. அந்தப் பதிவு என்னையே மாட்டிவிட்டது வேறு கதை.

உண்மையான மகிழ்ச்சி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. இரண்டாம் வாரம், வகுப்பாசிரியர் தம் கையால் எழுதி நகலெடுத்த அரைத் தாள் ஒன்றை ஒவ்வொரு குழந்தையின் நாட்குறிப்பிலும் உள்ளட்டையில் ஒட்டி அனுப்பினார். நான் மேலே சொன்ன அதே ஐந்து விவரங்கள், ஐந்து வரிகள், கீழே பெற்றோர் கையொப்பத்துக்கு ஒரு கோடு. என் மகளுக்கு இப்போது எழுத்துக்கூட்டாமலே படிக்க வருகிறது. காலையில் அவளே அட்டையைத் திறந்து, "இன்னிக்குப் புதன், ஓவியப் புத்தகம் எடுத்து வைக்கணும்பா" என்று எனக்கு உத்தரவு போடுகிறாள். பசை சரியாகப் பிடிக்காமல் தாளின் ஒரு மூலை சுருண்டிருக்கிறது. அதைத் தினமும் கட்டைவிரலால் அழுத்திவிட்டுத்தான் மூடுகிறாள்.

மதிப்பெண் கேட்டால் செயலிக்கு ஐந்துக்கு நான்கு தருவேன். செயலி வேண்டுமா என்று பள்ளி நாளைக்கே வாக்கெடுப்பு நடத்தினால், வேண்டாம் என்றே வாக்களிப்பேன். அந்த இருக்கையும் வரிசையாக அடுக்கிய எழுதுகோல்களும் கண்ணைவிட்டுப் போகும்வரை என்னிடம் வேறு பதிலை எதிர்பார்க்க வேண்டாம். நண்பரிடம் நேற்று மீண்டும் பேசினேன். செயலியை நிறுவும்போது அறிவிப்புக்கு அனுமதி கொடுக்கும்படியும், பயன்படுத்தாவிட்டால் செயலியை நிறுத்திவைக்கும் பொத்தானை அணைத்துவிடும்படியும், குழந்தையின் நாட்குறிப்பைத் தினமும் திறந்து பார்க்கும்படியும் சொன்னேன். என் கைபேசியிலும் அந்தப் பொத்தானை அணைத்துவிட்டேன். அதையும் முழுதாக நம்பாமல், அடுத்த விடுமுறை முடியும் ஞாயிற்றுக்கிழமை மாலை 6 மணிக்கு, செயலியைத் திற என்று ஒரு நினைவூட்டலும் வைத்திருக்கிறேன்.