பழைய வீட்டை இடித்துக் கட்டுவதா, பழுது பார்ப்பதா?

பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் வீடு சேர்ந்துவிட்டது என்றால் உரிமையாளருக்கு முதலில் கோபம்தான் வரும். சொந்த வீட்டை இடிக்க அடுத்தவர் அனுமதி எதற்கு? இந்தக் கேள்வி நியாயமானது. நாங்களும் அதைக் கேட்டோம். பிறகு இரண்டு வழியையும் எடைபோட்டு, எங்கள் சுண்ணாம்புக் காரை வீட்டைப் பழுது பார்ப்பது என்று முடிவெடுத்தோம்.

இடித்துக் கட்டினால் கூடுதல் தளம், வண்டி நிறுத்த இடம், விருப்பப்படி அறைகள் கிடைக்கும். இவற்றில் பழைய வீடு போட்டிக்கே வராது. முகப்பை மட்டும் நிறுத்திவிட்டுப் பின்னால் புதிதாகக் கட்டும் நடுவழியும் உண்டு. அதில் இரண்டு பக்கத்துச் செலவும் சேர்ந்துகொள்ளும் என்பதால் விட்டுவிட்டோம்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. பழைய வீடு ஓயாமல் பணம் கேட்கும் என்பார்கள். பல வீடுகளில் அப்படிக் கேட்பது பிற்காலத்தில் பூசிய சிமென்ட். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உள்வாங்கி, வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் தரையிலிருந்து ஏறும் ஓதம் சுவருக்குள்ளேயே தங்கும். உப்புப் பூக்கும், செங்கல் பொரிந்து உதிரும். உடனே சுவரே செத்துவிட்டது, இடித்துவிடலாம் என்ற பேச்சு வரும். அந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்து, சுவரை உலரவிட்டு, மறுபடி சுண்ணாம்பே பூசினால் பெரும்பாலும் சுவர் மீண்டுவிடும். அவசரம் கூடாது, காய நாளாகும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பதுதான் உண்மையான சிரமம்.

கான்கிரீட் வீட்டுக்குப் பராமரிப்பே வேண்டாம் என்பது சரியல்ல. சுண்ணாம்பை இறுகச் செய்கிற அதே கரியமிலவாயு, கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பிக்கு இருந்த பாதுகாப்பைக் குறைக்கிறது. பிறகு கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் கான்கிரீட் பெயர்ந்து விழும். சாதாரணக் கட்டடங்களுக்கு ஐரோப்பிய விதிமுறை எடுத்துக்கொள்ளும் வடிவமைப்பு ஆயுளே, அதாவது பெரிய பழுதுவேலை இல்லாமல் உழைக்க வேண்டிய காலமே, 50 ஆண்டுகள்தான். சுண்ணாம்புச் சுவரில் விரிசல் விழுந்தால் பெரும்பாலும் இணைப்பில்தான் விழும். சாந்தை மாற்றினால் போதும், செங்கல் பிழைக்கும். மழைக்கு முன் கூரையையும் வடிகாலையும் பார்ப்பது மட்டும் எந்த ஆண்டும் தவறக்கூடாது.

இழப்பீடு இல்லாத பாதுகாப்புச் சட்டம் நியாயமானது என்று நான் சொல்லமாட்டேன். நியூயார்க்கில் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் மேல் கோபுரம் எழுப்பத் தடை வந்தபோது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978இல் தடை செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. ஆனால் அங்கே கட்ட முடியாமல் போன தளப்பரப்பைக் கட்டும் உரிமையை அருகிலுள்ள மனைகளுக்கு மாற்ற வழி இருந்ததையும் நீதிமன்றம் கணக்கில் கொண்டது. வீட்டுக்காரர்கள் இதுபோன்ற ஈட்டையும் வரிச்சலுகையையும் விடாமல் கேட்க வேண்டும்.

மறுவிற்பனையில் எங்களுக்கு அனுபவம் இல்லை. வாங்க வருபவர்கள் குறைவாக இருக்கலாம். அஸ்திவாரம் இறங்கிவிட்ட வீடு, நிலநடுக்கப் பகுதியில் உள்ள வீடு என்றால் கணக்கே வேறு. எங்களுக்கு அந்த நிலை வரவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் பழைய கட்டுமானம் தெரிந்த பொறியாளர் ஒருவர் சுவரைச் சோதித்துச் சொன்ன பிறகே இரண்டில் எதையும் தொட வேண்டும்.