வேலூரில் வாடகை வீடு: மாதக் கணக்கா, பதினொரு மாத அக்ரிமென்ட்டா?

தோட்டப்பாளையத்தில் சி.எம்.சி. மருத்துவமனை வைத்தியத்துக்காக மூட்டை முடிச்சோடு இறங்கும் குடும்பத்துக்கும், சத்துவாச்சாரியில் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டு வீடு பார்க்கும் குடும்பத்துக்கும் பத்திரக் கடையில் ஒரே அச்சு அக்ரிமென்ட்தான் கிடைக்கிறது. பெயர், கதவு எண், வாடகை மூன்றும் மாறும். மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். பிறகு வரும் சச்சரவில் பாதி அந்த 'அப்படியே'வில் பிறக்கிறது.

முதலில் ஒரு தப்பெண்ணம். மாதக் கணக்கில் விடுவதென்றால் வாய்ப்பேச்சு போதும் என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கும் தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் சட்டம் (2017-இல் இயற்றியது) எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. அதை வாடகை அதிகாரியிடம் (அந்தச் சட்டப்படி இதற்கென நியமிக்கப்பட்டவர்) பதியவும் வேண்டும். ஒப்பந்தம் போடவில்லை என்பதையே காரணம் காட்டி வீட்டைத் திரும்பக் கேட்க வீட்டுக்காரருக்கு அதே சட்டம் வழி விடுகிறது. ஆகவே 'பேப்பர் எதுக்கு, நம்பிக்கைதானே' என்று வீட்டுக்காரர் சொன்னால், அந்த நம்பிக்கையில் மாட்டிக்கொள்வது குடித்தனக்காரர்தான்.

பதினொரு மாதம் எங்கிருந்து வந்தது? ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் ஒரு மாதம் குறைத்தார்கள். வாடகை அதிகாரியிடம் பதிவது வேறு வேலை. பதினொரு மாதம் என்று எழுதியதால் அது இல்லாமல் போய்விடாது. நோட்டரி முத்திரையும் அதற்கு ஈடாகாது.

இந்தப் பதினொன்றில் நம் ஊர்க்காரருக்கு மட்டும் உறைக்கும் ஒரு சங்கடம் உண்டு. குடி போக நல்ல மாதம் என்று தையில் பால் காய்ச்சுகிறோம்; தை முதல் தேதியிலிருந்து பதினொரு மாதம் எண்ணினால் மார்கழி வாசலில் வந்து நிற்கும். ஆடி முடியட்டும் என்று காத்திருந்து ஆவணியில் போனால், அடுத்த ஆடி பிறக்கும்போது கெடு முடியும். வீடு மாற்ற யாரும் விரும்பாத இரண்டு மாதங்களில்தான் அக்ரிமென்ட் சரியாகக் காலாவதி ஆகிறது. குடித்தனக்காரருக்கு வேறு வீடு அமையாது. வீட்டுக்காரர் டூலெட் போர்டு மாட்டினாலும் வந்து பார்க்க ஆள் இருக்காது.

அப்போது என்ன ஆகும்? புதுப்பிக்காமலும் காலி செய்யாமலும் இருந்தால், பழைய நிபந்தனைகளிலேயே மாதத்துக்கு மாதம் நீண்டதாகச் சட்டம் கொள்கிறது. அதிகபட்சம் ஆறு மாதம். பதினொரு மாத அக்ரிமென்ட் போட்டவரும் தெரியாமலே மாதக் கணக்குக்கு வந்துவிடுகிறார். இந்த இடைவெளியில் வாடகையை ஏற்றிக் கேட்டுத்தான் சண்டை வருகிறது. கெடு முடியும் மாதம் ஆடி, மார்கழி என்று தெரிந்தால் முதலிலேயே 'கூடுதலாக ஒரு மாதம், அதே வாடகையில்' என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

நோட்டீஸ் விஷயத்தில்தான் இரண்டும் நிஜமாகப் பிரிகின்றன. தாளில் எதுவும் எழுதாத மாத வாடகைக்குச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு சொல்வது 15 நாள். காட்பாடியில் தங்கும் மாணவருக்கு இது போதும். மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் வயதான மாமியாரும் இருக்கிற வீட்டுக்கு 15 நாளில் என்ன செய்ய முடியும்? மாதக் கணக்கிலும் 'இரு தரப்புக்கும் ஒரு மாத நோட்டீஸ்' என்று எழுதலாம், தடையில்லை. மாதம் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதையும் எழுத வேண்டும். 10-ஆம் தேதி குடி வந்தவர் 1-ஆம் தேதி நோட்டீஸ் கொடுத்தால் கணக்கு எதிலிருந்து என்று இருவருக்கும் இரண்டு பதில் இருக்கும். பதினொரு மாதத்தில் உள்ள ஆபத்து வேறு. நடுவில் காலி செய்ய வழி எழுதாமல் விட்டால், ராணிப்பேட்டை சிப்காட்டிலிருந்து வேலை மாறிப் போகிறவர் மீதி மாதங்களுக்கும் பதில் சொல்லும்படி ஆகும்.

அட்வான்ஸ்: வேறு விதமாக ஒத்துக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கழித்துத் திருப்ப வேண்டும். மாதக் கணக்கென்றால் ஒரு மாத அட்வான்ஸ் போதும் என்று விடுவது வீட்டுக்காரருக்குக் கையைக் கடிக்கும். வாடகை 9,000, அட்வான்ஸும் 9,000 என்று வைப்போம். 'கடைசி மாதத்தை அட்வான்ஸில் கழிச்சுக்குங்க' என்று சொல்லிவிட்டால், கரண்ட் பில்லுக்கும் உடைந்த வாஷ்பேசினுக்கும் கையில் ஒரு ரூபாயும் இருக்காது. இரண்டு மாதம், அதாவது 18,000 நியாயமான கணக்கு.

கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், மாதக் கணக்கில் இருப்பவர் பெரும்பாலும் பில்லுக்கு நடுவில்தான் கிளம்புவார். மீட்டரை வரும் நாளிலும் போகும் நாளிலும் இருவரும் நின்று போட்டோ எடுக்க வேண்டும். முதல் 100 யூனிட் இலவசம், மேலே போகப் போக விலை ஏறும் என்பதால் 'யூனிட்டுக்கு இவ்வளவு' என்று முன்கூட்டி நிர்ணயிப்பது யாரையாவது ஏமாற்றும். பில் வந்ததும் மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, இருந்த நாட்களின் யூனிட்டால் பெருக்குவதே சரி. அதற்காக ஒரு சிறு தொகையை நிறுத்தி வைக்கலாம், முழு அட்வான்ஸையும் அல்ல.

சாமான்களோடு விடும் வைத்திய வாடகையில் கேஸ் சிலிண்டரையும் எடை போட்டுக் கொடுங்கள். காலி எடை சிலிண்டர் மேலேயே அடித்திருக்கும், நிரம்பியதில் 14.2 கிலோ கேஸ் இருக்கும். மொத்த எடையில் காலி எடையைக் கழித்தால் மீதி கேஸ் எவ்வளவு என்பதில் சந்தேகமே இல்லை. வங்கதேசத்திலிருந்து வந்தவர்களென்றால் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவுக்கு இணையத்தில் தகவல் கொடுப்பது தங்க இடம் கொடுப்பவரின் பொறுப்பு.

மாத வாடகைக்குப் பதிலாக மொத்தத் தொகை ஒன்றை வாங்கிக்கொண்டு போக்கியத்துக்கு விடும் வழக்கமும் இங்கே உண்டு; சில லட்சம் கைமாறும் அந்த ஏற்பாட்டைப் பதிவில்லாமல் செய்யவே கூடாது. மற்றபடி வைத்தியத்துக்கு, பயிற்சிக்கு, ஒரு செமஸ்டருக்கு என்றால் மாதக் கணக்கு, எழுத்தில், இரண்டு மாத அட்வான்ஸோடு. பள்ளிப் பிள்ளை இருக்கிற குடும்பம் பதினொரு மாதமே எடுக்கலாம், நடுவில் கிளம்ப ஒரு மாத நோட்டீஸ் என்ற வரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு. அந்த வரிக்கு மறுக்கும் வீட்டுக்காரர் ஏன் மறுக்கிறார் என்று கையெழுத்துக்கு முன்னாலேயே கேட்டுவிடுவது நல்லது.