இங்கிலாந்து போனால் குவாரி பேங்க் ஆலைக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்

கொழும்பிலிருந்து பிள்ளைகளோடு இங்கிலாந்து போகிறவர்கள் பிரபுக்களின் மாளிகைகளைத்தான் முதலில் தேடுவார்கள். நாங்களும் தேடிப் போனோம். டார்பிஷயரில் சாட்ஸ்வர்த் மாளிகை அப்படி ஒரு அழகு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பி இரண்டு மாதமாகியும் என் ஒன்பது வயது மகன் ஓயாமல் பேசுவது ஒரு பழைய பஞ்சாலையைப் பற்றி.

செஷயரில் ஸ்டைல் என்ற சின்னக் கிராமம். மன்செஸ்டர் விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் தலைக்கு மேலே விமானச் சத்தம் கேட்கும். கீழே இறங்கினால் பொலின் ஆறும் மரங்களும்தான். ஆற்று நீரின் விசையில் ஓடும் ஆலையை 1784இல் சாமுவேல் கிரெக் இங்கே கட்டினார். 1939இல் அந்தக் குடும்பம் இதை, பழைய இடங்களைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டிடம் ஒப்படைத்தது. கார் நிறுத்துமிடத்திலிருந்து ஆலைக்குப் போகும் பாதை நல்ல சரிவு. முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போனால் அவசரப்படாமல் இறங்குங்கள்.

உள்ளே தறியை ஓட்டிக் காட்டினார்கள். ஓடியது என்னவோ ஒன்றிரண்டுதான். அதற்கே காலடியில் பலகை அதிர்ந்தது, பக்கத்தில் நின்ற தங்கச்சி சொன்னது எனக்குக் கேட்கவில்லை. நூற்றுக்கணக்கில் ஓடிய காலத்தில் நெசவுப் பெண்கள் உதட்டசைவைப் பார்த்தே பேசிக்கொள்வார்களாம். அடுத்தது ம்யூல் என்ற நூற்பு இயந்திரம். ஒரு நீண்ட வண்டி முன்னும் பின்னும் போய்வரும். அது திரும்பி வருவதற்குள் நூலுக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பஞ்சைக் கூட்டி எடுப்பது சின்னப் பிள்ளைகளின் வேலை. விளக்கம் சொன்ன அம்மா குனிந்து அந்த இடைவெளியைக் கையால் காட்டினார். என் மகன் குந்தியிருந்து எட்டிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஆலையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். 1790இல் கட்டிய பயிற்சிப் பிள்ளைகள் விடுதிதான் இந்த இடத்தின் உயிர். ஏழைகள் விடுதிகளிலிருந்து கொண்டுவந்த பிள்ளைகள் இங்கே தங்கி, சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் ஈடாக ஒரு நாளைக்கு 12 மணி நேரம் போல உழைத்தார்கள். ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். காலை ஓட்ஸ் கஞ்சி கையில் வாங்கித் தின்னும் அளவுக்குக் கெட்டியாக இருக்குமாம். அதைக் கேட்டதும் எனக்கு அம்மாயி ஞாபகம் வந்தது. மலையில் கொழுந்து பறிக்கும்போது மடியில் கட்டிப்போன ரொட்டியை நின்றபடியே தின்றதை அவர் சொல்லியிருக்கிறார்.

நான் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். ஆலைக்குப் பக்கத்தில் தொழிலாளர் குடியிருப்பு இருக்கிறது. வீடு, கடை, பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் முதலாளி குடும்பம் கட்டியது. வேலை போனால் வீடும் போகும் என்ற பயம், தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: இங்கே நூலான பஞ்சில் பெரும்பகுதி அமெரிக்காவில் அடிமைகள் பறித்தது. கிரெக் குடும்பத்துக்கு டொமினிக்காவில் அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டமும் இருந்தது.

1806இல் தாமஸ் பிரீஸ்ட்லி, ஜோசப் செஃப்டன் என்ற இரண்டு பையன்கள் இங்கிருந்து ஓடிப்போனார்கள். தாமஸுக்கு 13 வயது. இயந்திரத்தில் விரல் அடிபட்டிருந்தது. அம்மாவைப் பார்க்க லண்டன் வரை போனார்கள். பிறகு பிடிபட்டு, நீதவான் முன் வாக்குமூலம் கொடுத்து, திரும்பவும் ஆலைக்கே அனுப்பப்பட்டார்கள். அந்த வாக்குமூலம் எழுத்தில் இருப்பதால்தான் இன்று அவர்கள் பெயர் நமக்குத் தெரிகிறது. "நடந்தேவா போனாங்க?" என்று மகன் மூன்று தடவை கேட்டான். ஸ்டைலிலிருந்து லண்டன் கிட்டத்தட்ட கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் தூரம் என்று சொன்னேன்.

சரி, போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முழு நாள் வைத்துக்கொள்ளுங்கள். விடுதியை எந்த நேரத்தில் பார்க்கலாம் என்பதை உள்ளே நுழையும்போதே கேட்டுவிடுங்கள். இங்கிலாந்தில் இருக்கும் சொந்தக்காரர் நேஷனல் டிரஸ்ட் உறுப்பினராக இருந்தால் அவருக்குத் தனியாக நுழைவுக் கட்டணம் கிடையாது. எங்கள் தங்கச்சியிடம் குடும்ப அட்டை இருந்தது பெரிய உதவி. ஸ்டைல் நிலையத்தில் எல்லா ரயிலும் நிற்காது, கார் இருந்தால் சுகம். மேல் தோட்டத்தில் பழைய கண்ணாடி வீட்டைத் திருத்தி வைத்திருக்கிறார்கள். களைத்த பிள்ளைகளை அங்கே உட்காரவைக்கலாம்.

கம்பளைப் பக்கம் பழைய லயன் அறைகளிலேயே தோட்டத் தொழிலாளர் நூதனசாலை ஒன்று இருக்கிறது. அங்கேயும் படுக்கையைப் பார்க்க விடுவார்களா என்று மகன் கேட்கிறான். டிசம்பர் விடுமுறைக்கு அவனைக் கூட்டிப்போகிறேன்.