பாடும் பியானிஸ்ட், பியானோ வாசிக்கும் பாடகி

2003 பிப்ரவரி 23 அன்று நியூயார்க்கில் அமெரிக்க இசையுலகின் பெரிய விருதான கிராமி விழா. சிறந்த ஜாஸ் குரலிசை ஆல்பத்துக்கான விருது டயானா க்ராலுக்குக் கிடைத்தது. அதே நாளில் நோரா ஜோன்ஸ் ஐந்து விருதுகளை அள்ளிக்கொண்டு போனார். இருவருமே பியானோ முன்னால் உட்கார்ந்து பாடுகிறவர்கள். நோராவின் ஆல்பத்தை வெளியிட்டது புளூ நோட் என்ற பழம்பெரும் ஜாஸ் நிறுவனம். ஆனால் அது ஜெயித்தது பாப் பிரிவில். இந்த இரண்டு பேரையும் ஒரே கூடையில் போடுவதில் உள்ள சிக்கல் அங்கேயே தெரிந்துவிடுகிறது.

க்ரால் 1964-இல் கனடாவின் நனைமோவில் பிறந்தவர். நாலு வயதில் பியானோ, பிறகு பாஸ்டனில் பெர்க்லீ இசைக் கல்லூரி. பாஸ் என்ற கீழ்ஸ்வர நரம்புக் கருவியின் மேதை ரே பிரவுன் அவரைக் கவனித்து உற்சாகப்படுத்த, லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய் பியானிஸ்ட் ஜிம்மி ரோல்ஸிடம் பாடம் கேட்டார். "பாடவும் செய்" என்று தூண்டியவர் அந்த ரோல்ஸ்தான். அதாவது, விரல் முதலில், குரல் அப்புறம். முதல் ஆல்பம் வர 1993 ஆகிவிட்டது.

1997-இல் வந்த 'லவ் சீன்ஸ்' ஆல்பத்தைக் கேட்டால் இது புரியும். மொத்தம் மூன்றே பேர்: பியானோவில் க்ரால், கிடாரில் ரஸ்ஸல் மலோன், பாஸில் கிறிஸ்டியன் மெக்பிரைட். ட்ரம்ஸ் கிடையாது. பாடகரும் பியானிஸ்ட்டுமான நாட் கிங் கோல் 1940-களில் பிரபலமாக்கிய அமைப்பு இது. தாளத்தை மூவரும் பங்குபோட்டுச் சுமக்க வேண்டும். க்ரால் ஒரு வரியைத் தாளத்துக்குக் கொஞ்சம் பின்தங்கிப் பாடி நிறுத்துவார். அந்த இடைவெளியில் வலது கை இரண்டு மூன்று ஸ்வரங்களில் பதில் சொல்லும். கச்சேரியில் பாடகர் நிறுத்தும் இடத்தில் வயலின் பேசுமே, அதுபோல. என்ன, இங்கே இரண்டு வேலையும் ஒரே ஆளுக்கு.

நோராவின் கதை வேறு. 1979-இல் பிறந்தவர். சிதார் மேதை ரவிசங்கரின் மகள் என்பதை நம்மூர்ப் பத்திரிகைகள் விடாமல் எழுதும். ஆனால் வளர்ந்தது டெக்சாஸில், அம்மாவிடம். பாட்டில் சிதார் வாடையே கிடையாது. பல்கலைக்கழகத்தில் ஜாஸ் பியானோ படித்துக்கொண்டிருந்தவர், பாதியில் நியூயார்க் போனார். 2002-இல் வந்த முதல் ஆல்பம் 'கம் அவே வித் மீ' உலகம் முழுக்க இரண்டரைக் கோடிக்கு மேல் விற்றது. வேடிக்கை என்னவென்றால், முதலில் செய்த ரெக்கார்டிங்கில் பெரும்பகுதியை நிறுவனம் ஒதுக்கிவிட்டு, மூத்த தயாரிப்பாளர் அரிஃப் மார்டினை அழைத்துத் திரும்பச் செய்ய வைத்தது. நோராவைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோன 'டோன்ட் நோ வை' பாடலோ, மாதிரிக்காகப் பதிவுசெய்த டெமோவிலிருந்து வந்தது. எழுதியவரும் நோரா அல்ல, ஜெஸ்ஸி ஹாரிஸ். அதில் பியானோ கெட்டிக்காரத்தனம் எதையும் காட்டாது. குரலுக்குப் பாய் விரித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

சரி, யாருடைய இசை வாழ்க்கை மேல்? துணிச்சல் என்றால் நோராதான். அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு அதே சாப்பாட்டைத் திரும்பத் திரும்பப் பரிமாறாமல், நண்பர்களோடு கன்ட்ரி என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசைக்குழு, 2012-இல் தயாரிப்பாளர் டேஞ்சர் மவுஸோடு ஓர் ஆல்பம் என்று அலைந்தார். 2016-இல் சாக்ஸபோன் மேதை வெய்ன் ஷார்ட்டரைச் சேர்த்துக்கொண்டு பியானோவுக்குத் திரும்பினார். க்ரால் 2004-இல் கணவரான பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோவோடு சேர்ந்து சொந்தப் பாடல்கள் எழுதிப் பார்த்தார். அப்புறம் பெரும்பாலும் மற்றவர்களின் பழைய பாடல்களுக்கே போய்விட்டார். எனக்கு அதில் வருத்தம்தான்.

பியானோவுக்காகக் கேட்பதென்றால் நான் எடுப்பது க்ராலை. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னிக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். 2012-இல் தன் அப்பா காலத்துப் பாட்டுகளை வைத்து ஓர் ஆல்பம் போட்டபோது அவர் க்ராலைக் கூப்பிட்டார். பாடுவதற்கு அல்ல, வாசிப்பதற்கு.