சக்கரத்தைச் சுற்றியே ரேஷியோவைக் கண்டுபிடித்த பட்டறை

ஒடுகத்தூரிலிருந்து பீஞ்சமந்தை மலைக்கு வாரம் இரண்டு முறை உரமும் மளிகையும் ஏற்றிப் போகிறேன். இறங்கும்போது புளியோ சாமையோ வரும். மற்ற நாட்களில் வேலூர் பைபாஸ்தான். வண்டி டூ வீல் டிரைவ் மகிந்திரா டீசல் ஜீப். வாங்கும்போது பின் அச்சில் 5.38 கிரவுன் பினியன். கிரவுன் பெரிய பல் சக்கரம், பினியன் அதைச் சுற்றும் சின்னது. கிரவுன் ஒரு சுற்று வர பினியன் எத்தனை சுற்று வருகிறதோ அதுதான் ரேஷியோ. மலையில் குறையே இல்லை, ஆனால் பைபாஸில் 60 தாண்டினால் இன்ஜின் கத்தும்.

போன வருடம் ஒரு இடத்தில் 4.88 மாற்றித் தருவதாகச் சொல்லி வேலை செய்தார்கள். பைபாஸில் வண்டி மிதந்தது. மலையிலோ லோடோடு இரண்டாவது கியரில் இழுக்காமல் திணறி, கிளட்ச் கருகும் வாடை வந்தது. அப்போதுதான் வேலூரில் பின் அச்சு வேலை மட்டுமே செய்யும் இந்தச் சின்னப் பட்டறைக்குப் போனேன்.

பட்டறைக்கார பாய் முதலில் ஹவுசிங்கை, அதாவது இந்தப் பல் செட் இருக்கும் பின் அச்சுக் கூட்டைத் தொடவே இல்லை. "லோடு எங்கே ஏறுதுண்ணா, எவ்வளவு ஏத்துவீங்க, டயர் என்ன சைஸ்?" என்று கேட்டார். அப்புறம் ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் விட்டு, டயரிலும், கியர் பாக்ஸிலிருந்து வந்து பினியனைச் சுற்றும் புரொப்பெல்லர் ஷாஃப்டிலும் சாக்பீஸால் கோடு போட்டார். மறு சக்கரம் தரையில் நிற்பதால், தூக்கிய சக்கரம் இரண்டு சுற்று வந்தால்தான் கிரவுன் ஒரு சுற்று வரும். இரண்டு சுற்று சுற்றினோம். ஷாஃப்ட் நாலேகால் சுற்றுதான் வந்தது. "இது 4.88 இல்லண்ணா, 4.27." திறந்து எண்ணியபோது கிரவுனில் 47 பல், பினியனில் 11. எனக்கு வயிறு எரிந்தது. ஒரு வருடம் அந்தப் பல்லோடுதான் மலை ஏறியிருக்கிறேன்.

என் 6.00-16 டயருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். டாப் கியரில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு 5.38-ல் இன்ஜின் சுமார் 2,400 சுற்று, 4.27-ல் 1,900, 4.88-ல் 2,150. மலையும் பைபாஸும் கலந்து ஓடுகிற எனக்கு நடுவில் இருப்பதே சரி என்றார். 39-க்கு 8 பல் செட், அதாவது 4.88 போட்டோம். ஃபோர் வீல் டிரைவாக இருந்தால் முன் அச்சையும் சேர்த்து மாற்றாமல் தொடவே மாட்டேன் என்றும் சொன்னார். முன் அச்சிலும் பின் அச்சிலும் வேறு வேறு ரேஷியோ இருந்தால் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு உடைந்துவிடும்.

வேலையில் அவசரமே காட்டவில்லை. கிரவுனிலும் பினியனிலும் ஒரே ஜோடி நம்பர் இருப்பதை என் கண்முன் காட்டினார். டயல் கேஜ் வைத்துப் பேக்லாஷ், அதாவது பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி பார்த்தார். பல்லில் நீல மை தடவிச் சுற்றி, தடம் பல்லின் ஓரத்தில் விழுந்ததால் இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடான ஷிம்மை மாற்றி மறுபடி கோத்தார். மூன்றாவது தடவைதான் அவருக்குத் திருப்தி. இதனால் இரண்டு நாள் வேலை நாலு நாளானது. லோடு வண்டிக்காரர்கள் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் 500 கிலோமீட்டர் பாரம் ஏற்றாதீர்கள், அதன்பின் கியர் ஆயிலை மாற்றுங்கள் என்று எழுதியே கொடுத்தார்.

இப்போது அதே லோடோடு இரண்டாவது கியரில் நிதானமாக ஏறுகிறது. ஹவுசிங்கில் ஊளைச் சத்தம் இல்லை.

ஒரே குறை, புது ரேஷியோவுக்கு ஏற்ற, ஸ்பீடோமீட்டரை ஓட்டும் பல் இந்தப் பட்டறையில் கிடைக்காது. என் மீட்டர் இன்னும் பழைய 5.38 கணக்கில்தான் ஓடுகிறது. முள் 60-ல் நிற்கும்போது வண்டி 66-ல் போகிறது. அந்தப் பல்லை வெளியில் தேடிக்கொண்டிருக்கிறேன்.