டீசல் மிச்சக் கருவி, கார்பன் சான்றிதழ்: லாரி வைத்திருக்கும் நிறுவனங்கள் கவனத்துக்கு

டீசல் குழாயில் மாட்டினால் 12 சதவீதம் மிச்சம், கார்பனும் அதே அளவுக்குக் குறையும் என்று சொல்லி ஒரு காந்தக் கருவியை எங்கள் நிறுவனத்தின் 30 லாரிகளுக்கும் விற்றுவிட்டார்கள். வண்டி வாரியாக ஒரு கார்பன் குறைப்புச் சான்றிதழும் கொடுத்தார்கள். ஆறு மாத டீசல் பில்லை ஓடிய கிலோமீட்டரோடு வைத்துப் பார்த்தால் பழைய மைலேஜேதான். பணம் திரும்பவில்லை. சரக்கு கொடுக்கும் பெரிய கம்பெனிகள் இப்போது உமிழ்வுக் கணக்கு (வண்டிகள் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியிட்டன என்ற கணக்கு) கேட்பதால், இந்த வியாபாரம் சிறிய டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் வரை வருகிறது.

ஏமாற்று நடப்பது டெமோவில். சேலத்திலிருந்து கிருஷ்ணகிரிக்குக் கருவி இல்லாமல் ஓட்டி அளந்தார்கள். அங்கே கருவியை மாட்டி, அதே லோடோடு சேலம் திரும்பி மறுபடி அளந்தார்கள். போகும்போது தொப்பூர் கணவாய் ஏற்றம், வரும்போது இறக்கம். 25 டன் வண்டியை 200 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற மட்டும் சுமார் மூன்றரை லிட்டர் டீசல் வேண்டும். 110 கிலோமீட்டருக்கு மொத்தச் செலவே 27, 28 லிட்டர்தான் என்னும்போது, அவர்கள் சொன்ன 12 சதவீதம் அந்த மேட்டிலேயே அடங்கிவிடுகிறது. இதற்கு மேல் டேங்க் நிரப்புவதில் வரும் பிழை வேறு. பெட்ரோல் பங்கில் வண்டி லேசாகச் சாய்ந்து நின்றாலோ, டீசல் நுரைத்து நாசில் முன்கூட்டியே கட் ஆனாலோ நாலைந்து லிட்டர் மாறும். 28 லிட்டர் ஓட்டத்தில் அது பெரிய பிழை. 500 லிட்டர் ஓட்டத்தில் ஒரு சதவீதம். குறைந்த தூர டெமோவுக்கு ஒப்புக்கொண்டதுதான் நாங்கள் செய்த முதல் தவறு.

இரண்டாவது ஏமாற்று, புகை மீட்டர். பட்டறையில் கார்பன் என்றால் சைலன்சரில் படியும் கரி. உமிழ்வுக் கணக்கில் கார்பன் என்றால் கண்ணுக்குத் தெரியாத கார்பன் டை ஆக்சைடு. இரண்டும் வேறு. புகைப் பரிசோதனைக் கருவி கரியை மட்டும் பார்க்கும். வெகுநேரம் ஐடிலில் நின்ற வண்டியில் முதல் ரீடிங் எடுத்து, நாலைந்து முறை ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்துவிட்டு இரண்டாவது ரீடிங் எடுத்தால், படிந்த கரி வெளியேறியிருக்கும். எதையும் மாட்டாமலே ரீடிங் இறங்கும். அந்த இரண்டு சீட்டையும் வைத்துத்தான் எங்கள் சான்றிதழ் தயாரானது.

கார்பன் டை ஆக்சைடுக்கு மீட்டரே வேண்டாம், டீசல் பில் போதும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ வெளிவரும். மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி 2,000 லிட்டர் எரிக்கும்; அது 5.36 டன். 12 சதவீதம் குறைந்தது உண்மையென்றால் பில்லில் 240 லிட்டர் குறைந்திருக்க வேண்டும். லிட்டர் குறையாமல் டன் குறைந்ததாகச் சொல்லும் எந்தச் சான்றிதழும் பொய். அதைச் சரக்குக்காரரின் ஆண்டறிக்கைக் கணக்குக்குக் கொடுத்தால், பில்லைக் கேட்கும் தணிக்கையில் மாட்டுவது நாம்.

காந்தம் ஏன் வேலை செய்யாது? டீசலைக் காந்தம் பிடிக்காது. "எரியாத டீசலை எரிய வைக்கும்" என்பதும் நிற்காது. நல்ல நிலையில் உள்ள டீசல் இன்ஜினில் எரியாமல் போவது இரண்டு சதவீதத்துக்கும் கீழே. எரிந்த சூட்டில் பெரும்பகுதி சைலன்சரிலும் ரேடியேட்டரிலும் வீணாகிறது. அதைக் குழாயில் மாட்டும் எதுவும் மீட்காது. வயரிங்கை வெட்டி இணைக்கும் பெட்டிகள் இன்னும் மோசம்: பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) வண்டியில் வாரண்டி போகும். டேங்கில் ஊற்றும் மருந்தில் உலோகம் கலந்திருந்தால் அதன் சாம்பல் டிபிஎஃப்பில், அதாவது புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டரில், தங்கும். ஃபில்டரில் சேர்ந்த கரியைச் சூட்டில் எரிக்கும் ரீஜெனரேஷனில் அது எரியாது, கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

எதையும் வாங்கும் முன் இப்படிச் சோதியுங்கள். ஒரே மாடல், ஒரே வயதுள்ள இரண்டு வண்டிகள். ஒரே ரூட்டில் போய்வர, ஒரே எடையோடு, ஒன்றன்பின் ஒன்றாக. டிரைவரை மாற்றாதீர்கள். டயர் காற்று காலையில் குளிர்ந்த நிலையில். அதே பங்க், அதே நாசில், முதல் கட்-ஆஃப்பில் நிறுத்த வேண்டும். முதலில் இரண்டிலும் கருவி இல்லாமல் மூன்று டிரிப், ஒவ்வொன்றும் 1,000 கிலோமீட்டருக்குக் குறையாமல். ஒரு வண்டியின் லிட்டரை மற்றதன் லிட்டரால் வகுத்து எழுதுங்கள். மூன்று விகிதங்களும் இரண்டு சதவீதத்துக்குள் நிற்காவிட்டால் சோதனையிலேயே கோளாறு. நின்றால், ஒன்றில் மட்டும் கருவியை மாட்டி மறுபடி மூன்று டிரிப். பிறகு அதைக் கழற்றியும் ஓட்டுங்கள். விகிதம் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். இடையில் ஏர் ஃபில்டர் மாற்ற விற்பவர் ஆர்வம் காட்டினால் அனுமதிக்காதீர்கள். "செட் ஆக 5,000 கிலோமீட்டர் ஓட வேண்டும்" என்றால், ஓடட்டும்; பணம் அதற்குப் பிறகு.

உண்மையில் லிட்டரைக் குறைப்பவை எல்லோருக்கும் தெரிந்தவைதான்: சரியான டயர் காற்று, வீல் அலைன்மென்ட், 60 கிலோமீட்டர் வேகம், லோடு ஏற்றும் இடத்தில் இன்ஜினை நிறுத்துவது, காலி ரிட்டர்ன் இல்லாத டிரிப்.

ஒப்பந்தத்தில் முன்பணம் வேண்டாம். மிச்சமான லிட்டருக்கு மட்டும் பணம், அளவு முறை இன்னது என்று எழுதி வாங்குங்கள். வணிக நோக்கத்தில் வாங்குபவர் 2019 நுகர்வோர் சட்டத்தில் நுகர்வோர் அல்ல; பிழைப்புக்காகத் தானே வண்டி ஓட்டும் ஒற்றை லாரிக்காரருக்கு விலக்கு உண்டு, நிறுவனத்துக்கு இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்ற நம்பிக்கையில் கையெழுத்துப் போடாதீர்கள்.