மாதவிடாய் நின்ற பிறகு எடைக் குறைப்பு: மூன்று உணவு முறைகளும் ஒரு மாலைப் பசியும்

சோற்றை அடியோடு விடும் முறை, பதினாறு மணி நேர நோன்பு, ஒவ்வொரு வேளையும் புரதத்துக்கு முதலிடம் தரும் முறை ஆகிய மூன்றையும், மாதவிடாய் நின்ற பிறகான ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாகக் கடைப்பிடித்துப் பார்த்திருக்கிறேன். மூன்றிலுமே எடை குறைந்தது. குறைந்த எடை நின்றது கடைசி முறையில் மட்டும்தான்.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது, அதுவரை இடுப்பிலும் தொடையிலும் படிந்த கொழுப்பு வயிற்றுப் பகுதியில் சேரத் தொடங்குகிறது. வயதோடு தசையும் கரைகிறது. வளர்சிதை மாற்றம் திடீரென்று படுத்துவிடுகிறது என்ற பேச்சை நான் இப்போது நம்புவதில்லை. உடலின் அளவையும் கொழுப்பு நீங்கலான எடையையும் கணக்கில் கொண்டால், 20 வயது முதல் 60 வரை உடல் செலவிடும் ஆற்றல் பெரிதாக மாறுவதில்லை என்று 2021-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 48,835 பெண்களிடம் நடந்த ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ ஆய்வில், கொழுப்பைக் குறைத்து உண்டவர்கள் ஓராண்டில் மற்றவர்களைவிட 1.9 கிலோ குறைவாக இருந்தார்கள். ஏழரை ஆண்டில் அந்த வித்தியாசம் 0.4 கிலோவாகச் சுருங்கியது. எடையைக் குறைக்கும்படி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை என்றாலும், முதலாண்டுப் பலனைக் கண்டு மகிழ்பவர்கள் இந்த எண்களைப் பார்ப்பது நல்லது.

என் சிக்கல் மாலையில் இருந்தது. மும்பையின் கோட்டைப் பகுதியில் அலுவலகம் முடிந்து, ரயிலில் கூட்ட நெரிசலில் மாட்டுங்கா வந்து வீட்டுக்குள் நுழைந்தால், குக்கர் விசில் வருவதற்குள் நின்றபடியே ஃபர்சாண் என்னும் மிக்சர் வகை நொறுக்குத்தீனி டப்பாவில் பாதி காலியாகிவிடும். சோற்றை விட்ட நாட்களில் இந்தக் கொறிப்பு இரட்டிப்பானது. நோன்பு முறையில் காலை உணவைத் தவிர்த்ததால் இரவுச் சாப்பாடு கனத்தது. ஏற்கெனவே வியர்த்து விழித்துக்கொள்ளும் எனக்கு உறக்கம் மேலும் கெட்டது. உறக்கம் கெட்ட மறுநாள் இனிப்பைத் தேடிக் கை போனது. நோன்பு பொருந்திய தோழிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரவு வேர்ப்பதில்லை.

பக்கத்துத் தெரு உணவியல் ஆலோசகர்தான், “சாதத்தை விட வேண்டாம் மாமி, பக்கத்தில் என்ன வைத்துக்கொள்கிறீர்கள் என்று பாருங்கள்” என்றார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் பரிந்துரை, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம். அப்போது 72 கிலோ இருந்த எனக்கு ஏறத்தாழ 60 கிராம். ஓர் இட்லியில் இருப்பதோ சுமார் 2 கிராம். இட்லி, சாம்பார் சாதம், ரசம் சாதம், இரவு ஃபுல்கா என்ற என் பழைய பட்டியலில் அந்த அளவு எட்டாது என்பது கூட்டிப் பார்த்தபோதுதான் விளங்கியது. இப்போது காலையில் அடை அல்லது பெசரட்டு, மதியம் ஒரு கரண்டி சாதத்துடன் கெட்டிப் பருப்பும் தயிரும், இரவில் ஜோவார் பாக்ரி எனும் சோள ரொட்டியுடன், முளைகட்டிய மட்கிப் பயறில் (நரிப்பயறு) செய்யும் உசல் என்ற குழம்பு. எல்லாவற்றையும்விட உதவியது, ஐந்து மணிக்கு அலுவலக மேசையிலேயே தின்னும் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். ரயில் ஏறும் முன்பே பசி அடங்கிவிடுவதால், வீட்டில் டப்பா இருந்த இடத்திலேயே இருக்கிறது.

குறைகளும் உண்டு. தொடக்கத்தில் வாயு படுத்தும். பயறை ஊறவைத்த நீரைக் கொட்டி, பெருங்காயமும் இஞ்சியும் சேர்த்த பிறகு எனக்குத் தணிந்தது. அடைக்குத் தாராளமாக எண்ணெய் விட்டால் கணக்கு தலைகீழாகும். புரதம் மட்டும் தசையை வளர்ப்பதில்லை. ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் நடப்பதோடு எடை தூக்கும் பயிற்சியையும் சேர்த்த பிறகே இடுப்புச் சுற்றளவு இறங்கியது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

இன்று என் எடை 67 கிலோ. இடுப்புச் சுற்றளவு 94 சென்டிமீட்டரிலிருந்து 86 ஆகியிருக்கிறது. இந்தியப் பெண்களுக்குச் சொல்லப்படும் 80 என்ற வரம்புக்கு இன்னும் தூரம் இருக்கிறது. தீபாவளிப் பட்சணத்தில் ஏறும் ஒன்றரைக் கிலோ இறங்கப் பொங்கல் வரை ஆகிறது, இந்த முறையிலும்.